ஓர்லிக் விரல்

டெல்மர் கிரீப் வீட்டில் நாலாயிரம் புத்தகம் இருந்தது. ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. எல்லாம் ஐம்பதுகளில் மருந்துக்கடையிலும் பஸ் நிலையத்திலும் இருபத்தைந்து சென்ட்டுக்கு விற்ற மட்டமான துப்பறியும் கதைகள். அட்டையில் ஒரு சிவப்பு கவுன், ஒரு துப்பாக்கி, ஒரு பயந்த முகம். அவருக்கு அந்த அட்டை போதும். உள்ளே யார் யாரைக் கொன்றால் இவருக்கென்ன? பிரித்தால் புத்தகத்தின் முதுகு மடிந்துவிடும் என்று எதையும் விரலளவுக்கு மேல் விரித்ததில்லை.

இந்தக் கிறுக்குப் பிடித்த எல்லாருக்கும் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்துக்குள் யாராவது பேர் எழுதியிருந்தால் அது பேரில்லை, கறை. பேனா என்றால் தலையெழுத்து, விட்டுவிட வேண்டியதுதான். பென்சில் என்றால் ரப்பரால் எடுத்துவிடலாம். எடுப்பதில் டெல்மரை மிஞ்ச ஒஹாயோ மாநிலத்திலேயே ஆள் கிடையாது. மாவு மாதிரிப் பிசைகிற ரப்பர் ஒன்று வைத்திருந்தார். அவர் ஒற்றியெடுத்த இடத்தில் எழுத்து இருந்தது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. முப்பது வருஷம் தபால்காரராக இருந்து பேர் பார்த்துப் பார்த்துக் கடிதம் கொடுத்த மனுஷன், வீட்டுக்கு வந்தால் பேர் பேராக அழித்துக்கொண்டிருந்தார். என்னத்தைச் சொல்ல!

ஆனால் அவர் பேர் பெற்றது அதற்காக இல்லை. அவர் போட்ட பட்டியலுக்காக. அந்தக் காலத்துப் பதிப்பகங்கள் அட்டை வரைந்தவன் பேரைப் போடுவதில்லை. ஓவியன் மூலையில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அச்சில் ஓரத்தை வெட்டும்போது அது போய்விடும். எந்த அட்டை யார் வரைந்தது என்று துருவித் துருவிப் பார்த்து டெல்மர் ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் அவர் மார்தட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. பெல்ஃபோர்ட் பதிப்பகத்தின் பதினொரு அட்டைகள். பதினொன்றிலும் பெண்ணின் இடது சுண்டுவிரல் கொஞ்சம் வெளிப்பக்கம் கோணியிருக்கும். இது பெரிய ஓவியன் விக்டர் ஓர்லிக் திருட்டுத்தனமாகப் போட்ட முத்திரை என்று டெல்மர் அடித்துச் சொன்னார். அன்றிலிருந்து நாடு முழுக்க அதற்கு ‘ஓர்லிக் விரல்’ என்றே பேர்.

அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை லீமா என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தில் பழைய சாமான் விற்பனை. டெல்மரும் அவருடைய கூட்டாளி ஹோமர் பிளெட்சும் விடிந்ததும் போய்விட்டார்கள். ஹோமருக்கு மீன்பிடி தூண்டில்மேல் பைத்தியம். இரண்டு பேரும் விற்பனை நடந்த கீழ்த்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். தேறுகிற மாதிரி ஒன்றுமில்லை. மூலையில் ஆப்பிளை உள்ளே வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் விற்கிற மேஜை இருந்தது. அதன்மேல் சாய்த்து வைத்த பலகையில் வெள்ளைப் பெயின்ட் அடித்து ‘பை, துண்டு ஒரு டாலர்’ என்று எழுதியிருந்தது. காப்பி ஆவி பட்டுப் பட்டுக் கீழ்மூலையில் வெள்ளை உரிந்து தொங்கியது. உரிந்த இடத்தில் ஒரு விரல் தெரிந்தது.

டெல்மர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? பையைத் தின்னுன்னா பலகையை மோந்து பாக்குற?” என்றார் ஹோமர்.

“சும்மா இருய்யா கொஞ்சம்.”

நகத்தால் சுரண்டினார். வெள்ளை செதில் செதிலாக வந்தது. சிகரெட் பிடித்த கை. கோணின சுண்டுவிரல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், பதினொன்றில் நாலாவது அட்டை. மூல ஓவியம்! இன்னும் கீழே சுரண்டினார், அச்சில் வெட்டுப்பட்டுப் போகிற ஓரம் வரைக்கும். அங்கே நீலத்தில் சின்னதாய் ஒரு பேர் இருந்தது.

எட்னா டீட்ஸ்.

அந்தப் பேரை அவருக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால், பட்டியல் வெளிவந்த கொஞ்ச நாளில், ஒரு கடிதம் வந்தது. ‘ஐயா, அந்தப் பதினொன்றும் நான் வரைந்தவை. அத்தாட்சிக்கு என் பிரதி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.’ இந்த மாதிரிக் கடிதம் மாதத்துக்கு இரண்டு வரும், எங்கள் மாமா வரைந்தார், எங்கள் அத்தை வரைந்தாள் என்று. டெல்மர் சிரித்துக்கொண்டார். ‘அவை ஓர்லிக் வரைந்தவை என்பது முடிந்துபோன விஷயம், அம்மணி’ என்று நாலு வரி எழுதிப் போட்டார். புத்தகத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அவரிடம் இருந்ததைவிட அது பளிச்சென்று இருந்தது. தன்னுடையதை விற்றுவிட்டு அதை அலமாரியில் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு குறை. அட்டைக்குள் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தது: ‘என் முதல் அட்டை. எட்னா டீட்ஸ், மார்ச் 1953.’

டெல்மர் அதைப் படித்தார். படித்துவிட்டு ரப்பரை எடுத்தார்.

“தம்பி, பலகையை அப்படிப் பிறாண்டினா நாளைக்கு யாரு பெயின்ட் அடிக்கிறது?”

மேஜைக்குப் பின்னால் ஒரு கிழவி. எண்பது இருக்கும். பை வெட்டுகிற கத்தி வலது கையில். தட்டை அழுத்திப் பிடித்திருந்த இடது கையில் சுண்டுவிரல் வெளிப்பக்கம் கோணியிருந்தது.

“இது... நீங்க வரைஞ்சதா அம்மா?” என்றார் டெல்மர்.

“வரைஞ்சேன் ஒரு காலத்துல. மாடலுக்குக் குடுக்கக் காசு ஏது? என் இடது கையையே முன்னாடி வெச்சுக்கிட்டுப் பாத்துப் பாத்து வரைவேன். ஏழு வயசுல காரோட கதவு நசுக்கின விரல் இது. நேரா போட்டா பொய்யாயிடுமேன்னு அப்படியே போட்டுடுவேன்.” கிழவி சிரித்தாள்.

“அதுமேல ஏன் பெயின்ட் அடிச்சீங்க?” என்று கேட்டது ஹோமர். அந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது.

“அதை ஏன் கேக்குற போ. எவனோ ஒரு பெரிய மேதாவி, பட்டியல் போடறவனாம். நான் வரையவே இல்லைன்னு எழுதிப் போட்டான். என் வீட்டுக்காரர் அப்பத்தான் போயிருந்தார். நான் ராத்திரி ராத்திரி உக்காந்து வரைஞ்சதைப் பாத்தது அவர் ஒருத்தர்தான். அவரும் இல்லை, இனிமே யாருகிட்ட போயி நிரூபிக்க? பலகையில போட்ட ஓவியம் எல்லாம் பரண்ல கிடந்துச்சு. தேவாலயத்துல பலகை வேணும்னாங்க. நல்ல பலகை, வீணாப் போவானேன்னு குடுத்துட்டேன். இது ஒண்ணுதான் மிச்சம். மத்தது எல்லாம் மழையில நனைஞ்சு குப்பைக்குப் போச்சு.”

பத்து ஓவியம். டெல்மருக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. ஹோமர் இவர் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது போலிருக்கிறது, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தூண்டில் பக்கம் நகர்ந்துவிட்டார். வாயைத் திறக்காமல் போனால் யாருக்கும் தெரியாது. பலகையை ஐந்து டாலருக்குக் கேட்டால் கொடுத்துவிடுவாள். ஒரு நிமிஷம் அந்த நினைப்பும் வந்தது, வராமல் இல்லை.

“அந்த மேதாவி நான்தான்மா” என்றார்.

கிழவி கத்தியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று டெல்மர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“நீதானா” என்றாள். கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்தாள். “நான் என்னமோ பல்கலைக்கழகத்துல இருக்கிறவன்னு நினைச்சேன்.”

“தபால்காரன். நான் பண்ணினது தப்புத்தான். பட்டியலைத் திருத்திடறேன். பதினொண்ணுக்கும் உங்க பேரைப் போட்டு எல்லாருக்கும் அனுப்பிடறேன்.”

“எல்லாருக்குமா? எத்தனை பேர் இருக்கீங்க?”

“ஒரு முந்நூறு பேர்.”

“ம்” என்றாள் கிழவி. அதில் அவளுக்கு ஒன்றும் சுரத்து இல்லை. திடீரென்று முகம் மாறியது. “அந்தப் புத்தகம்? அனுப்பினேனே, இருக்கா?”

“இருக்கு. பத்திரமா இருக்கு.”

“என் பேர் எழுதியிருப்பேன் பாரு உள்ளே. மருந்துக்கடையில வாங்கின உடனே அவர் பென்சிலை நீட்டி, எழுதுடீ எழுதுடீன்னாரு. வண்டியிலேயே உக்காந்து எழுதினேன். அவர் முழங்கால் மேல வெச்சு. அது ஒண்ணைத் திருப்பிக் குடுத்துடு தம்பி. வேற எதுவும் வேணாம்.”

டெல்மர் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். பென்சில் அழுத்தின தடமாவது இருக்காதா என்று எல்லா ஜன்னலிலும் பார்த்தார். ஒன்றுமில்லை. நாற்பது வருஷத்தில் ஒரு தடவையாவது வேலையை அரைகுறையாகச் செய்திருக்கக் கூடாதா! தானே எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தார். வார்த்தை ஞாபகம் இருந்தது, தேதி ஞாபகம் இருந்தது. கையெழுத்து ஞாபகம் இல்லை.

மறுநாள் மத்தியானம் கிழவி வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் சமையலறை மேஜையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். புத்தகத்தை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து முதலில் அட்டையைத் தடவினாள். “ரொம்ப நல்லா வெச்சிருக்கியே” என்றாள். பிறகு அட்டையைத் திறந்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிப் கைத்துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“அழிச்சுட்டேன்மா. நாங்க அப்படித்தான்... பேர் இருந்தா அழிச்சுடுவோம். மன்னிச்சுடுங்க.” டெல்மருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைப்பையில் தயாராக வைத்திருந்த பென்சிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார். “இப்ப எழுதுங்கம்மா. அதே இடத்துல. எத்தனை பெரிசா வேணும்னாலும் எழுதுங்க.”

எட்னா பென்சிலைப் பார்த்தாள். கோணின விரலால் அதை மெதுவாக அவர் பக்கமே உருட்டிவிட்டாள்.

“நான்தான் எழுதிட்டேனே” என்றாள்.