லூர்தம்மாள் அத்தையோடு ஒரு வாரச் சண்டை

எதிர்வீட்டு லூர்தம்மாள் அத்தை லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தோற்றாள். பதினைந்து கேள்விகளில் குறைந்தது ஒன்பது சரியாக இருக்க வேண்டும். முதல் முறை ஐந்து வந்தது, அடுத்த முறை நான்கு. "படிக்கப் படிக்கக் குறையுதே!" என்று அவளே ஆச்சரியப்பட்டாள்.

ஸ்கூட்டர் எங்கள் சந்து முனையில் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு நின்றது. அத்தை அவிக்கும் இட்லியை அவள் கணவர் ஸ்டெர்லின் மாமா பல வருடங்களாக சைக்கிளில் மாட்டுங்காவுக்குக் கொண்டுபோய் விற்றுவந்தார். முழங்கால் போனதும் சைக்கிள் நின்றுவிட்டது. டோம்பிவிலியில் இருக்கும் அத்தையின் அண்ணன் ஆபிரகாம் தன் பழைய ஸ்கூட்டரைக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. மூன்றாவது முறையும் அத்தை தோற்றால் வண்டி திரும்பிவிட வேண்டும், அவருடைய மருமகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். வண்டி போனால் இட்லி வியாபாரமும் போகும். மூன்றாவது பரீட்சை அடுத்த வாரம் வியாழக்கிழமை.

அத்தையின் மகன் ஜெப்ரிக்குப் பதினேழு வயது. வண்டி ஓட்ட முடியாது, ஆனால் போனில் எல்லாவற்றையும் பார்த்துத் தெரிந்துகொள்வான்.

"மம்மி, டென்ஷன் நை லேனே கா, கவலையே படாத. ஒவ்வொருத்தருக்கும் படிக்கிற ஸ்டைலு வேற. சில பேருக்குக் கண்ணால பாத்தாத்தான் ஏறும், சில பேருக்குக் காதால கேட்டா, சில பேருக்குக் கையால செஞ்சா. உனக்கு எதுன்னு கண்டுபிடிச்சா பஸ், காம் ஹோ கயா, வேல முடிஞ்சுது."

"உங்கம்மைக்கு வாய் ஒண்ணுதாம்ல வேல செய்யும்," என்றார் மாமா கட்டிலில் இருந்தபடி.

முதலில் கண். சாலைக் குறிகளை எல்லாம் பிரிண்ட் எடுத்து ஜெப்ரி அடுக்களைச் சுவரில் ஒட்டினான். இட்லி ஆவியில் இரண்டே நாளில் எல்லாம் சுருண்டன. ஒன்று சாம்பாரில் விழுந்தது. மூன்றாம் நாள் ஒரு குறியைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டான்.

"இது அரிசி டப்பாவுக்கு மேல ஒட்டுனதுல்லா."

"அப்ப இது?"

"சிலிண்டர் பக்கத்துல உள்ளது. எனக்குத் தெரியாதாக்கும்!"

அடுத்து காது. எல்லாப் பதில்களையும் தன் குரலில் ரெக்கார்ட் செய்து கொடுத்தான். அத்தை இயர்போன் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். "எம்புள்ள குரல் என்னா கணீர்னு இருக்கு! கோயில் பாட்டுக்குழுவுல சேத்துவிடணும்." ஒரு பதிலும் தேறவில்லை.

கடைசியாகக் கை. ஒரு பூரிக்கட்டையை ஹேண்டில்பார் மாதிரிப் பிடித்துக்கொண்டு சந்தில் நடக்கச் சொன்னான். சின்னப் பிள்ளைகள் ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். அத்தை ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்தி ஊர்க்கதை விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

நான் எங்கள் வாசலில் உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் தைத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை குழாயடியில் சண்டை. அத்தையின் டிரம்முக்கு முன்னால் அடுத்த சந்துச் சாயிமா தன் டிரம்மை நுழைத்துவிட்டாள்.

"இவளுக்கு வரிசையே தெரியல, வண்டி ஒண்ணுதான் கேடு!" என்றாள் சாயிமா. "மஞ்ச லைட்டு எரிஞ்சா என்ன செய்யணும்னு தெரியுமாளா உனக்கு? நிக்கணும். பறக்கப்பிடாது!"

அதற்கு அத்தை சொன்ன பதிலை நான் எங்கும் எழுத மாட்டேன்.

அன்று சாயங்காலம் ஜெப்ரி கேட்ட பத்துக் கேள்விகளில் அத்தைக்கு ஒன்று மட்டும் சரியாக வந்தது. மஞ்சள் விளக்கு. "நிக்கணும். அந்தச் சாயிமா சொன்னாள்லா, மூஞ்சியப் பாரு!"

தைத்துக்கொண்டிருந்த ஊசி என் விரலில் ஏறியது. ஐந்து வருடத்துக்கு முந்திய சண்டையில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று அத்தை ஒரு சொல் விடாமல் சொல்லுவாள். அவளுக்குக் கண்ணாலும் ஏறாது, காதாலும் ஏறாது, கையாலும் ஏறாது. கோபம் வந்தால்தான் மனசில் ஒட்டுகிறது.

எனக்கு எதுவானாலும் எழுதினால்தான் பிடிபடும். அதனால் ஜெப்ரியின் கேள்விப் புத்தகத்தை வாங்கிவந்து, அத்தைக்குத் தேவைப்படும் என்று தோன்றிய ஒவ்வொரு கேள்வியையும் ஒரு சண்டையாக எழுதினேன். மறுநாள் காலை காகிதத்தோடு அத்தை வாசலில் போய் நின்றேன்.

"பின்னால ஆம்புலன்ஸ் வருது, எரும மாதிரி நடுவுல போறீங்க," என்று படித்தேன்.

"என்னட்டி செல்வி? ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லு."

எருமையை மறுபடியும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இந்த முறை சந்துக்கே கேட்டது.

"ஏட்டி! யாரப் பாத்து எரும? நான் ஓரமா ஒதுங்கி வழி விடுவேன். நடுவுல நிக்கதுக்கு எனக்கென்ன கிறுக்கா?"

எங்கள் வீட்டுக்குள்ளேயிருந்து என் அம்மா ஓடிவந்து என் காதைப் பிடித்தாள். "பெரிய மனுஷிய எருமங்கியா?"

அத்தை அதற்குள் காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டாள். "விடுங்க மதினி, பிள்ள பாடம் எடுக்கா. நீ அடுத்ததைத் திட்டுட்டி."

"கோடு போட்ட இடத்துல ஆளுங்க நடக்காங்க, நீங்க ஹாரன் அடிக்கீங்க. மனசாட்சியே கிடையாதா?"

"நான் எதுக்கு அடிக்கேன்? நிப்பாட்டிட்டு நிப்பேன். உன் மனசாட்சிய முதல்ல தேடு!"

தினமும் இரண்டு வேளை திட்டினேன். புதன்கிழமைக்குள் நான் எழுதியது அத்தனையும் அத்தைக்கு மனப்பாடம்.

வியாழக்கிழமை ஜெப்ரியும் நானும் கூடப் போனோம். பரீட்சை அறைக்குக் கண்ணாடிக் கதவு. காவலுக்கு நின்றவர் அத்தையிடம், "அந்தர் பாத் நஹி கர்னே கா," என்றார். உள்ளே பேசக் கூடாது.

"கதம், எல்லாம் போச்சு," என்றான் ஜெப்ரி.

இதை நான் யோசிக்கவே இல்லை. வாய் திறக்காமல் அத்தை எப்படிச் சண்டை போடுவாள்? கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் முதல் கேள்வி வந்ததும் அத்தை வாயைத் திறந்தாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். மூடிக்கொண்டாள். நேரம் முடிந்து கேள்வி போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே போனது.

மூன்றாவது கேள்விக்கு அத்தை நாற்காலியில் நேராக நிமிர்ந்தாள். இடது கையை இடுப்பில் ஊன்றினாள். தலையைச் சாய்த்து, கம்ப்யூட்டரை மேலும் கீழும் பார்த்தாள். உதடு அசையவில்லை, ஆனால் புருவம் இரண்டும் பேசின. பிறகு, யாரோ ஒருத்தியின் நெஞ்சில் குத்துகிற மாதிரி விரலால் பொத்தானை அழுத்தினாள். அடுத்த கேள்விக்கு மூக்கு விடைத்தது. அதற்கடுத்ததற்குக் கழுத்தை வெட்டினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பையன் மெதுவாகத் தள்ளி உட்கார்ந்தான்.

வெளியே வந்தபோது அத்தை சிரிக்கவில்லை. ஜெப்ரி அவள் கையில் இருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்தான். ஒன்பது. சரியாக ஒன்பது.

"மம்மி, பாஸ்!" என்று குதித்தான்.

அத்தை என்னிடம் திரும்பினாள். "ரெண்டு, வாயப் பொத்துனதுல போச்சு. மிச்சம் நாலு? ஹைவே பத்தி நாலு கேள்வி கேட்டான். நீ ஏன் அத எழுதல?"

என் கையில் காகிதம் இல்லை. ஆனாலும் வாய் திறந்துகொண்டது. "நீங்க இட்லி விக்கது மாட்டுங்காவுல. ஹைவேல உங்களுக்கு என்ன சோலி?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம்.

"என்ன சோலியா?" அத்தை இடுப்பில் கையை வைத்தாள். "ஏன், ஹைவே தாண்டி வாஷியில இருக்கவன் இட்லி திங்க மாட்டானா?"

"திம்பான். அவன் திங்கதுக்குள்ள ஆறிப்போகும்!"

"என் இட்லி ஆறுனாலும் பஞ்சு மாதிரி இருக்கும்ட்டி!"

பஸ் நிறுத்தம் வரைக்கும் விடாமல் பேசினோம். எங்களைத் தெரியாதவன் போல ஜெப்ரி பத்தடி முன்னால் நடந்தான்.