மூன்றாம் மூலையில் உதயகுமாரி

2006ஆம் ஆண்டு எங்கள் கல்லூரி அணி ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. எங்கள் என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்று நாங்கள் குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், ட்வெய்ட்டா பக்கம் தமிழ் மளிகைக்கடை வைத்திருக்கும் வரதராசா கேட்டான். நான் அந்தக் கல்லூரியில் படித்தவனில்லை. அதன் கன்ரீனில் ஒரு நாள் தேத்தண்ணி குடித்ததோடு சரி. ஆனால் மே மாதம் தொடங்கி எக்கபெர்க் மேட்டு மைதானத்தில், மழையிலும் குளிர்காற்றிலும் நின்று தொண்டை கட்டுமட்டும் கத்தினவன் நான்தான். கத்தினவனுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

விளையாட்டு பேஸ்போல். எனக்கு அது முதலில் விளையாட்டாகவே தெரியவில்லை. நான் கிரிக்கெட்காரன். துடுப்பை எறிந்துவிட்டு ஓடுகிறவர்களை நான் மனிதராக மதித்ததில்லை. அந்த அணியில் என் மனைவி உதயகுமாரி சேர்ந்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது.

அவளுக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. பாலர் பள்ளியில் உதவியாளராக இருந்து அலுத்து, ஆசிரியையாக வேண்டும் என்று கல்லூரிக்குப் போனவள். கன்ரீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம். பேஸ்போல் அணிக்கு ஆள் தேவை, ஆண் பெண் வித்தியாசமில்லை, அனுபவம் தேவையில்லை. கூடப் படித்த இளம் பிள்ளைகள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக, இவள் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இடுப்பு, நாரி பிடிச்சால் ஆர் எண்ணெய் தேய்க்கிறது?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான்," என்றாள்.

அவள் சும்மா போய்ச் சேரவில்லை. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் அவள் பள்ளிக்கூடத்து எல்லே அணியில் இருந்தவள். எல்லேயும் கிட்டத்தட்ட இதே விளையாட்டுத்தான். தடியால் பந்தை அடித்துவிட்டு மூலை மூலையாகச் சுற்றி ஓடி, கடைசி மூலையைத் தொட்டால் ஒரு ஓட்டம். ஆனால் அதில் ஓடுகிற ஆளின்மேல் பந்தை எறிந்து பட்டுவிட்டால், ஆள் அவுட். கல்யாணம் முடித்த புதிதில் இவள் அதைப் பற்றி எனக்கு நிறையப் பெருமை அடித்திருக்கிறாள். தன் கையில் பந்து வந்தால் எதிரணிப் பெண்கள் ஓடப் பயந்து நின்றுவிடுவார்களாம். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நம்பினேனா என்பது வேறு கதை.

அணித் தலைவன் எய்ரிக் என்ற நெடுவல் பெடியன். பொறியியல் படிக்கிறவன். நல்ல பிள்ளை, ஆனால் அவனில் எனக்கு ஒரு கோபம் இருந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கைதட்டி, "எல்லாரும் நல்லாச் செய்தீங்கள்," என்பான். இருபத்திரண்டுக்கு ஒன்று என்று தோற்ற அன்றும் அதையே சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே நல்லாச் செய்தார்கள்? அவர்களிடம் ஒழுங்காகப் பந்தெறிய ஒரு ஆள் இல்லை. எறிகிற பந்து ஒன்று வானத்துக்குப் போகும், மற்றது புல்லைக் கிண்டும். பந்து சரியான இடத்துக்கு நாலு தரம் வராவிட்டால், துடுப்போடு நிற்கிறவன் சும்மா நடந்தே முதலாம் மூலைக்குப் போகலாம் என்பது சட்டம். எங்கள் எதிரணிகள் அந்தக் கோடை முழுக்க நடந்தே வென்றன.

நான் என் பங்குக்கு எங்கள் தமிழ்க் கிரிக்கெட் போட்டிகளில் செய்கிறதையே அங்கும் செய்தேன். ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ், பெரிய பிளாஸ்கில் பால்தேத்தண்ணி. இரண்டு அணிக்கும்தான். விளையாட வந்தவனைப் பட்டினியாக அனுப்புகிற பழக்கம் எங்களிடம் இல்லை. எங்களோடு விளையாட எல்லா அணிகளுக்கும் விருப்பம் என்று எய்ரிக் ஒருநாள் சொன்னான். அது ரோல்ஸுக்காகவா, சுகமாக வெல்லலாம் என்பதற்காகவா என்று நான் கேட்கவில்லை.

உதயகுமாரியை முதலில் பந்தே வராத ஒரு தொங்கலில் நிறுத்தினார்கள். பிறகு மூன்றாம் மூலைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் பந்து சூடாக வரும். மற்றவர்கள் விலகி நிற்பார்கள், இவள் விலகமாட்டாள். எண்ணெய்ச் செலவு கூடியதுதான், ஆனால் அந்தப் பந்துகளை அவள் மறிக்கிறதைப் பார்க்கிறபோது எனக்கு நெஞ்சு நிறைந்து போகும்.

"என்ன அண்ணை, அக்காவை இண்டைக்கும் சாத்திப்போட்டாங்களோ?" என்று வரதராசா மரக்கறி நிறுத்தபடியே கேட்பான். நான் முருங்கைக்காயை முறித்துப் பார்ப்பேன்.

செப்டெம்பரில் கடைசி ஆட்டம். காலையில் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே கதைத்தாள்.

"இண்டைக்கு ஒண்டு வெண்டால் காணும்."

"வெல்லுவியள்."

"கன்ரீனிலை திருப்பியும் நோட்டீஸ் ஒட்டியிருக்காம். புது ஆக்களைத் தேடுகினமாம். இப்பிடியே தோத்துக்கொண்டு போனால், அடுத்த வருசம் இந்தக் கிழவியை ஏன் வைச்சிருக்கப் போறாங்கள்?"

அவள் தன்னைக் கிழவி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் விளையாடின விளையாட்டை இப்போது நினைத்தாலும் சந்தோசமாக இருக்கிறது. கடைசிக் கட்டத்துக்கு வரும்போது நாங்கள் ஒன்பது, அவர்கள் எட்டு. இன்னும் ஒரே ஒருவனை வெளியேற்றினால் ஆட்டம் எங்களுக்கு. அவர்களில் ஒருவன் இரண்டாம் மூலையிலும், இன்னொருவன் மூன்றாம் மூலையில் இவளுக்குப் பக்கத்திலும் ஓடத் தயாராக நின்றார்கள்.

அடி விழுந்தது. பந்து தரையில் குத்தி நேரே உதயகுமாரியிடம் வந்தது. பிடித்துவிட்டாள். அடித்தவன் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தான். முதலாம் மூலையில் எய்ரிக் கையுறையை நீட்டியபடி நின்றான். அடித்தவன் அங்கே வந்து சேர முன்னம் பந்து எய்ரிக்கின் கைக்குப் போனால் ஆள் அவுட், வெற்றி. எல்லாரும் எய்ரிக்கின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

ஆனால் மூன்றாம் மூலையில் நின்றவன் இவள் கண்ணுக்கு முன்னாலேயே கடைசி மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தான். கிட்டத்தட்ட முப்பது வருசத்துக்கு முந்தின கை விழித்துக்கொண்டது. ஒரு கால் முன்வைத்து எறிந்தாள். பந்து அவன் நடுமுதுகில் போய் விழுந்த சத்தம் வேலிக்கரையில் நின்ற எனக்குக் கேட்டது.

அவள் இரண்டு கையையும் தூக்கினாள். நானும் பிளாஸ்கோடு துள்ளி, "அவுட்" என்று கத்தினேன். அந்த மைதானத்தில் அவன் அவுட் என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

முதுகில் பட்ட பந்து வேலியோரம் உருண்டு போனது. அடி வாங்கியவன் நொண்டி நொண்டிக் கடைசி மூலையைத் தொட்டான். பின்னால் வந்தவனும் தொட்டான். அவுட் இல்லை என்று நடுவர் இரண்டு கையையும் விரித்தார். பத்துக்கு ஒன்பது. தோற்றுவிட்டோம்.

இது எல்லே இல்லை, இதில் ஆளின்மேல் எறிந்தால் அவுட் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தன் கையைப் பார்த்தாள். அடி வாங்கியவனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுப் புல்லில் குந்திவிட்டாள். நான் வேலியைத் தாண்டி உள்ளே போனேன். எய்ரிக் வந்து நல்லாச் செய்தீங்கள் என்று மட்டும் சொல்லட்டும், இன்றைக்கு இவனோடு சண்டைதான் என்று முடிவெடுத்திருந்தேன்.

அவன் அதைச் சொல்லவில்லை. நேரே அடி வாங்கியவனிடம் போய் முதுகைக் காட்டச் சொன்னான். இரண்டு தோள்களுக்கும் சரி நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். அதைப் பார்த்தான், திரும்பி மூன்றாம் மூலையைப் பார்த்தான். பிறகு உதயகுமாரிக்கு முன்னால் வந்து குந்தினான்.

"அந்த இடத்தைப் பார்த்துத்தான் எறிஞ்சீங்களா, இல்லாட்டித் தற்செயலாப் பட்டதா?"

அவள் தொப்பியை நிமிர்த்தினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் கேள்வி அவளுக்குச் சுட்டுவிட்டது.

"பார்த்துத்தான். தலைக்கு எறியக் கூடாது. முதுகுக்குத்தான் எறியவேணும்."

"ஓடிக்கொண்டிருந்தவனுக்கு?"

"நிக்கிறவனுக்கு எறிய ஏன் நான்?"

எய்ரிக் சிரிக்கத் தொடங்கினான். மற்றப் பிள்ளைகளையும் கூப்பிட்டான். கன்ரீனில் ஒட்டிய நோட்டீஸ் பந்தெறிய ஆள் தேடித்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. நினைத்த இடத்துக்கு எறியக்கூடிய ஒரு ஆள் வேண்டும் என்று வருசம் முழுக்கத் தேடினார்களாம். அந்த ஆள் தன் பக்கத்திலேயே நின்றதைத் தான் கவனிக்கவில்லை என்று அவன் தலையில் கைவைத்தான். அடுத்த வருசம் நடுமேட்டில் நின்று பந்தெறியப் போவது உதயகுமாரி என்றான். அடி வாங்கியவன் ஒரு கையால் முதுகைத் தடவியபடி மறுகையால் என் ரோல்ஸைத் தின்றுகொண்டு, அவள் பந்தெறிகிற நாளில் தான் விளையாட வரமாட்டேன் என்றான்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். றீயென் சந்தியைத் தாண்டும்போது அவள் கேட்டாள்.

"என்னப்பா, குறி தப்பேல்லைத்தானே?"

"இல்லை. உம்மடை குறி தப்பேல்லை."

அவள் யன்னல் பக்கம் திரும்பி அழுதாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் பாதை கலங்கலாகத்தான் தெரிந்தது.

அடுத்த நாளே எங்கள் கட்டடத்துக் கார் தரிப்பிடத்தில் பயிற்சி தொடங்கிவிட்டது. பிடிக்கிறவன் நான். கிரிக்கெட்காரனுக்குக் கையுறை எதற்கு என்று வெறுங்கையோடு நின்றேன். முதல் பந்தை நான் காணவில்லை, உள்ளங்கைதான் கண்டது.

பின்னேரம் வரதராசாவின் கடைக்குப் போனேன்.

"என்ன அண்ணை, கடைசி ஆட்டமாவது வெண்டதோ?"

"தோத்தது," என்றேன். சொல்லிவிட்டு, வீங்கிச் சிவந்திருந்த உள்ளங்கையை மேசையில் விரித்து வைத்தேன். "இது உன்ரை அக்கா மெல்லமா எறிஞ்சது."