ஃபோனில் வந்த மெக்கானிக்

சின்னுசாமிக்குக் கை முன்னால் பாயும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். சங்ககிரி லாரிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். டோல்கேட்டில் ஒருவனுடைய பல்லை உடைத்ததும், கிளீனர் ஒருவனைப் பட்டறைச் சுவரோடு வைத்துத் தேய்த்ததும் அவர்களுக்கு டீக்கடைக் கதை. அடி வாங்கியவனைக் கேட்டால்தான் தெரியும், அதில் சிரிக்க ஒரு மண்ணும் இல்லை என்று.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவரிடம் முதலில் அடி வாங்கியது ஒரு பிரிண்டர்.

பைபாஸ் ஓரத்தில் அவர் நடத்திய டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு அது முந்தின நாள்தான் வந்திருந்தது. ஒவ்வொரு லோடு கிளம்பும்போதும் பில் எடுக்க பிரவுசிங் சென்டருக்கு ஓடுகிற ஓட்டம் ஒழியட்டும் என்று, பஸ் ஸ்டாண்டு ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஜெரால்டிடம் வாங்கினார். ஜெரால்ட் சேலத்துப் பையன், ஒல்லி உடம்பு, மூக்கில் நிற்காத கண்ணாடி. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தெளிவாகத்தான் சொன்னான்.

"நாளைக்கு மத்தியானம் நானே வந்து மாட்டித் தரேண்ணா. அதுக்குள்ள நெட்டுல நம்பர் தேடி யாரையும் கூப்புட்டுடாதீங்க. கம்பெனின்னு போட்டிருப்பான், பூராவும் திருட்டுப் பசங்க."

"செரி செரி, எனக்கே சொல்லித் தாரியா?" என்றார் சின்னுசாமி. சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டால் அவர் சின்னுசாமியே இல்லையே!

அன்று அவர் அவசரப்பட்டதற்கு ஒரு நியாயமும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. அவருடைய டிரைவர் காத்தான், கால் நசுங்கி சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி, லோடு வண்டி அப்படியே வலது காலில் உட்கார்ந்துவிட்டது. காயம் சீழ் பிடிக்க ஆரம்பித்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வெள்ளிக்கிழமை மட்டும் வருகிற பெரிய டாக்டர், அன்று மத்தியானத்துக்குள் பணம் கட்டிவிட்டால் ஆபரேஷன் செய்து காலைக் காப்பாற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தார். தவறினால் எடுத்துவிட வேண்டியதுதான். லாரிக்காரர்களும் பட்டறைக்காரர்களும் டிரைவர்மாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணத்தைத் திரட்டி, சின்னுசாமியின் கணக்கில்தான் போட்டார்கள். கைதான் கெட்டது, பணத்தில் மனிதர் சுத்தம். எதிரிகூட அதை ஒப்புக்கொள்வான்.

"லோட அனுப்பிப் போட்டு நானே நேர்ல வந்து கட்டறேன் அம்மணி" என்று காத்தானின் மனைவி முத்தாயம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

லோடு தயாராக நின்றது. பிரிண்டர்தான் சண்டித்தனம் செய்தது. ஜெரால்டைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. பிரிண்டரின் மண்டையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். அது ஒரு சிவப்பு விளக்கைக் காட்டியது. இன்னொரு குத்து விட்டார். பேப்பர் வைக்கிற தட்டு உடைந்து கீழே விழுந்ததுதான் மிச்சம். பிறகு ஃபோனை எடுத்து, பிரிண்டர் பெயரைச் சொல்லித் தேடி, முதலில் வந்த நம்பரை அழுத்தினார்.

எடுத்தவன் குரல் தேன். "வணக்கம் சார், கம்பெனியிலிருந்துதான் பேசறோம்" என்றான்.

"ஜெரால்ட் கடையில வாங்கனதுங்க. வேலை செய்ய மாட்டேங்குது."

"ஜெரால்டா? நம்ம ஆளுதான் சார். அவர் குடுத்த கஸ்டமர்னா தனியா கவனிப்போம்."

பெயரை எடுத்துக் கொடுத்ததே தான்தான் என்பது அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை. அவன் சொன்னபடி கம்ப்யூட்டரில் ஒன்றை இறக்கினார், ஃபோனில் ஒன்றை இறக்கினார், திரையில் வந்த நம்பரை வாசித்துக் காட்டினார். பதிவுக்குப் பத்து ரூபாய் என்றான். பேங்க் கணக்கைத் திறந்து அதையும் கட்டினார். மவுசைத் தொடாமலே திரையில் அம்பு நகர ஆரம்பித்தது.

"கொஞ்ச நேரம் ஆகும் சார். எதையும் தொடாம விட்டுடுங்க. ஃபோனையும் ஆஃப் பண்ணிடாதீங்க" என்றான்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கம்ப்யூட்டர் முன்னாலேயே கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியைப் பட்டறையில் விட்டால் சாவியை மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். தலைமாட்டில் நின்று பார்த்தால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம். நல்ல மெக்கானிக் என்றால் ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவான். சின்னுசாமியும் முப்பது வருஷப் பழக்கத்தில், ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போனார். சாவியைக் கொடுத்தாயிற்று, மெக்கானிக் பார்த்துக்கொள்வான்!

டீ பாதி குடிக்கும்போது முதல் மெசேஜ் வந்தது. கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. கொஞ்சம்தான். ஆனால் பத்து ரூபாய் இல்லை. அந்த நம்பரைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார், அணைத்துவிட்டான்.

கண் முன்னால் காத்தானின் கால் வந்தது. அடுத்த கணமே பயம் அப்படியே கோபமாகத் திரும்பியது. அவருக்கு எந்தப் பயமும் அப்படித்தான் திரும்பும். நம்ம ஆளு என்று அவன் சொன்னானே! ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிகள்! டம்ளரைத் தரையில் அடித்துவிட்டு, லோடு லாரியிலிருந்து வீல் ஸ்பேனரை உருவிக்கொண்டு புல்லட்டை எடுத்தார்.

ஜெரால்ட் ஏதோ ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, இப்பத்தான் உங்க ஃபோனப் பார்த்தேன்" என்று எழுந்தவனின் வாயிலேயே முதல் குத்து விழுந்தது. கண்ணாடி பறந்து போய் ஷட்டரில் மோதியது. நாற்காலியோடு மல்லாக்க விழுந்தான்.

"எங்கடா காத்தான் பணம்?"

"என்ன பணம்ணா?"

வயிற்றில் ஓர் உதை. வீல் ஸ்பேனர் சுழன்றது. மேசையில் இருந்த மானிட்டர்கள் ஒவ்வொன்றாக நொறுங்கின. கண்ணாடிச் சில்லு ஜெரால்டின் நெற்றியைக் கிழித்து, ரத்தம் கண்ணில் வழிந்தது. சின்னுசாமி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்.

"உன்ற ஆளு ஃபோன்ல பேசறான், என்ற கணக்குல பணம் போவுது. பிரிண்டரக் குடுத்து ஊட்டுக்குள்ளயே திருடன உட்டுட்டியேடா!"

அப்போதுதான் ஜெரால்டுக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கையைத் தூக்கவில்லை, சின்னுசாமியின் சட்டைப் பையைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"ஃபோன ஆஃப் பண்ணுங்கண்ணா! மொதல்ல அத ஆஃப் பண்ணுங்க! அவன் உள்ள இருக்கான். ஆபீசுல நெட் ஒயரப் புடுங்கச் சொல்லுங்க. பத்தொன்பது முப்பதுன்னு சைபர் போலீஸ் நம்பர், அதுக்குப் போடுங்க, நிறுத்திடலாம்!"

"ஆதாரத்த அழிக்கச் சொல்றியா? என்னைய இளிச்சவாயன்னு நெனச்சியா?"

இந்த முறை தாடையில் விட்டார். எலும்பு விலகிய சத்தம் அவருக்கே கேட்டது. சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. இன்னொரு குத்து. மறுபடி அதிர்ந்தது. ஜெரால்ட் விழுந்துகிடந்தபடியே அந்தப் பையைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னான். வாயில் ரத்தம்தான் வந்தது, பேச்சு வரவில்லை. காட்டிய விரல்களை மிதித்தார். மூன்றாவது தடவை அதிர்ந்தபோது எரிச்சலோடு பையைத் தட்டிக்கொண்டாரே தவிர, எடுத்துப் பார்க்கவில்லை. பாவி மனுஷன், ஒரே ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம். அடிக்கிறவனுக்குக் குனியத் தெரியாது.

பக்கத்துக் கடைக்காரர்கள் அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தபோது சௌந்திரம் ஓடிவந்தாள். அவருடைய மனைவி. ஆபீசுக்குச் சோறு கொண்டுபோனவள், ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் திரையில் அம்பு தானாக அலைவதைப் பார்த்துப் பதறி ஒயரைப் பிடுங்கிவிட்டு, அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, டீக்கடையில் புல்லட் போன பக்கத்தை விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏனுங்க, ஃபோன எடுக்காம என்ன பண்றீங்க? அய்யோ சாமி, யாருங்க இது? ஜெரால்டுத் தம்பியா?"

ஜெரால்ட் அவளைப் பார்த்தும் அதையேதான் செய்தான். ஒடிந்த விரலால் பையைக் காட்டினான். அவள் சட்டென்று ஃபோனை உருவினாள். மெசேஜுக்கு மேல் மெசேஜ். கடைசியில் இருந்த மீதி, ஒரு டீக்கும் காணாது.

ஜெரால்ட் கீழே சிந்தியிருந்த ரத்தத்தைத் தொட்டு, தரையில் 1930 என்று எழுதினான்.

சௌந்திரம் தன் ஃபோனில் அந்த நம்பரைப் போட்டுக் கணவர் கையில் திணித்தாள். ஒரு பெண் பேசினாள். நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதல் மெசேஜ் வந்ததும் கூப்பிட்டிருந்தால் பெரும்பகுதியை நிறுத்தியிருக்கலாம், இப்போது கைமாறிக் கைமாறிப் போய்விட்டது, பார்க்கிறோம் என்றாள்.

"இவ்வளவு நேரம் என்ன சார் பண்ணீங்க?"

சின்னுசாமி தரையைப் பார்த்தார். "ஒருத்தன அடிச்சுக்கிட்டு இருந்தேனுங்க" என்றார்.

"யாரை சார்? ஏமாத்தினவனையா?"

அதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. கடைக்காரர்கள் சொல்லி வந்த ஜீப். ஏட்டு ஒருவர் அவருடைய பிடரியில் வைத்த அறையில் ஃபோன் எகிறி விழுந்தது. ஸ்டேஷனில் இன்னும் ரெண்டு விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, திருப்பி அடிக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"சார், ஆஸ்பத்திரியில பணம் கட்டோணும். ஒரு மணி நேரம் உடுங்க, ஓடி வந்தர்றேன். அவன் காலு போயிருமுங்க!"

"அடிக்கறப்ப தெரியலையா அந்தக் காலு?" என்றார் ஏட்டு.

சௌந்திரத்தின் கழுத்தில் தாலிக்கொடி இருந்தது. அடகு வைத்துவிட்டு சேலத்துக்கு ஓடியிருக்கலாம். ஆனால் அவள் மடியில் ஜெரால்ட் ரத்தமாக வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். உயிருக்குப் போராடுகிறவனைக் கீழே போட்டுவிட்டு எப்படி ஓடுவது? அவனை ஆட்டோவில் ஏற்றி, அவன் மனைவி இன்பமேரி அலறிக்கொண்டு வந்து சேரும்வரை சங்ககிரி ஆஸ்பத்திரி வாசலில் அவனுடைய தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் கொடியை அடகுக் கடையில் வைத்தாள். அவள் சேலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கோயம்புத்தூர் டாக்டரின் கார் கிளம்பிப் போயிருந்தது.

மறுநாள் மத்தியானம் ஸ்டேஷன் ஜாமீனில் வெளியே வந்தவர் நேராக சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்று விடிந்ததுமே காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டிருந்தார்கள். காத்தான் மயக்கத்தில் கிடந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைக் கதவு இடுக்கில் பார்த்ததும் சின்னுசாமி உள்ளே போகாமல் நின்றுவிட்டார்.

முத்தாயம்மாள் தூக்குவாளியோடு வராந்தாவில் வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. பேங்கில் ஏதோ மாட்டிக்கொண்டது என்றுதான் சௌந்திரம் சொல்லியிருந்தாள்.

"வந்துட்டீங்களா சாமி? உங்க மேல ஒண்ணுமில்லீங்க, எங்க தலையெழுத்து" என்றவள், அவர் வலது கையைப் பார்த்துவிட்டாள். விரல் முட்டிகள் தோலுரிந்து, கை பன்னு மாதிரி வீங்கியிருந்தது. "என்னங்க கையி இப்படிக் கெடக்குது? எங்களுக்காவ அலைஞ்சு எங்கயாச்சும் உழுந்துட்டீங்களா? கீழ நர்சம்மா இருக்குது, மருந்து போட்டுக்குங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பொய்யையாவது சொல்லாமல் விட்டதுதான், அந்த ரெண்டு நாளில் அவர் செய்த ஒரே நல்ல காரியம்.

"உழுவல அம்மணி" என்றார். "பணத்தக் காப்பாத்தறதுக்கு வழி சொன்னவனப் போட்டு அடிச்சுக்கிட்டு இருந்தேன். அடிச்சு முடிக்கறதுக்குள்ள பணம் பூராவும் போயிருச்சு. உன்ற புருசன் கால எடுத்தது டாக்டரில்ல. இந்தக் கைதான்."

முத்தாயம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.