சோளக்கொல்லை ஓரத்துப் புகையிலை

பழமலைநாதன் வெகு காலம் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையை வாங்கி நடத்தினார். கப்பலிலிருந்து கூடவே வந்த பழக்கம் பைப் புகைப்பது. கொண்டுவந்த வெளிநாட்டுப் புகையிலை டப்பாக்கள் தீர்ந்த பிறகு சென்னையில் கிடைத்ததை வாங்கி, குறை சொல்லிக்கொண்டே புகைத்தார்.

அந்தக் குறையைக் காதில் வாங்கி மனதில் வைத்துக்கொண்டவர் அவர் மனைவி செல்வநாயகியின் அண்ணன் நடராசன். கம்மாபுரம் பக்கம் விவசாயம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போவது உறுதியான பிறகு, கடைசி வெள்ளாமையாகச் சோளம் போட்டார். அதன் ஓரத்தில் கொஞ்சம் புகையிலையும் நட்டார். இலையை நிழலில் தொங்கவிட்டு உலர்த்தி, நரம்பை உரித்து, வெல்லப்பாகு தெளித்து, கல்லை ஏற்றி அழுத்தி, பொடியாக நறுக்கினார். நிலத்தை ஒப்படைத்துவிட்டு டவுனில் வாடகை வீட்டுக்குக் குடிவந்ததும், ஒரு துணிப்பையில் அதை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தார்.

அன்று பழமலைநாதனின் கப்பல் நண்பர் ஒருவரும் விருந்துக்கு வந்திருந்தார்.

"மாப்ள, ஒங்களுக்காகத்தான் செஞ்சேன். எப்படி இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் நடராசன்.

பழமலைநாதன் பைப்பை நிரப்பிப் பற்றவைத்தார். நாலு இழுப்பு இழுத்தார். நண்பர் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெம்பாக இருந்தது.

"பச்ச வாட அப்படியே இருக்குது மச்சான். மூக்குல சுருக்குன்னு ஏறுது. நாக்கு எரியுது. பாகு தனியா நிக்குது, எல தனியா நிக்குது. இத பைப்புல போடுறது பைப்புக்குக் கேடு."

நண்பர் சத்தமாகச் சிரித்தார். நடராசனும் சிரித்தார். "எனக்கு என்னா தெரியும், சொன்னாத்தான தெரியுது" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு இருக்காமல் கிளம்பினார். பை அங்கேயே கிடந்தது.

மாதங்கள் கழித்து, போகிக்குப் பரண் ஒழித்தபோது, மூடி இறுக்கிய ஒரு ஊறுகாய் ஜாடி கிடைத்தது. பழமலைநாதன் திறந்தார். காய்ந்த வைக்கோலும் பழம்புளியும் கலந்தது போன்ற ஒரு வாசனை எழுந்தது.

"எங்கண்ணன் குடுத்தது. குப்பையில போட மனசு வரல" என்றாள் செல்வநாயகி.

அவர் பைப்பில் நிரப்பிப் பற்றவைத்தார். நெடி போயிருந்தது. நாக்கு எரியவில்லை. வறுத்த கடலைத் தோல் போல ஒரு சுவை, பின்னாலேயே மெல்லிய இனிப்பு. கடைசிவரை அணையாமல் நிதானமாக எரிந்தது. இவ்வளவு நல்ல புகையை அவர் கப்பலிலும் இழுத்ததில்லை.

புதுக் கலவையைப் பல மாதம் மூடிவைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கப்பலில் எத்தனையோ பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார். அன்று அது நினைவுக்கு வரவில்லை. ஒருவர் ரசித்துக் கேட்கிறார் என்றதும் பேச்சுதான் வந்தது.

மத்தியானமே ஜாடியோடு நடராசன் வீட்டுக்குப் போனார். வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த நடராசன், "வாங்க மாப்ள" என்று நாற்காலி எடுத்துப் போட்டார்.

"மச்சான், நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. இது அருமையா இருக்குது. மீதி எல வச்சிருக்கீங்களா?"

"அத ஊறவச்சுப் பக்கத்து வூட்டு வெண்டச் செடிக்குப் பூச்சிக்கு அடிச்சிட்டேன். வெதயும் வைக்கல. வச்சுத்தான் எங்க போடுறது?"

பழமலைநாதன் தலை குனிந்தார். "நீங்களே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க" என்று பைப்பை நீட்டினார்.

"நான் எதுவும் குடிக்கிறதில்லியே மாப்ள. நீங்க குடிங்க. எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க, கேக்குறேன்."

பழமலைநாதன் பற்றவைத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் நிதானித்து, நாக்கில் பட்டதைச் சொன்னார். நடராசன் எதிரே இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, துணியை மடியில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நம்ம கொல்ல மண்ணு வாசன எதுனா வருதா?" என்றார்.

வருகிறது என்று சொல்ல வாயெடுத்தார் பழமலைநாதன். சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் மச்சான் கூப்பிட்டிருக்கிறார். பட்டறை வேலை, வெயில், ரோடு சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்திருக்கிறார். அந்தக் கொல்லையில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அந்த மண் எப்படி மணக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"தெரியல மச்சான்" என்றார்.

"பரவால்ல" என்றார் நடராசன். "காத்து இந்தப் பக்கந்தான் அடிக்குது. குடிங்க, நானே மோந்து பாத்துக்கிறேன்."

தன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார்.