நிலவறைக் குழி

எங்கள் ஊர் ஹெலினாவின் பெரிய தெரு நெளிந்து நெளிந்து போகும். தங்கம் கிடைத்த ஓடையோரமாக வந்த தெரு அது, யாரும் அளந்து போட்டதில்லை. அப்புறம் ஊர் மாநிலத் தலைநகர் ஆனது. சட்டமன்றத்துக்குச் செப்புக் குவிமாடம் வந்தது, பாங்குகள் வந்தன. 1973-ல் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று பழைய கட்டடங்களை இடித்தார்கள். என் வீடும் போனது.

இடிக்கிறவர்களை நான் நம்பவில்லை. அடியில் தங்கம் வந்தால் அமுக்கிவிடுவார்கள் என்று தினமும் வேலியருகே போய் நின்றேன்.

"என்ன எம்மெட் பெரியவரே, உங்கப்பா விட்டுட்டுப் போன தங்கமா?" என்றான் இயந்திரம் ஓட்டும் வெண்டல்.

"அந்தாளு விட்டுட்டுப் போனது எங்களத்தான். பக்கத்துச் சுரங்க ஊரு பியூட்ல எவளோடயோ ஓடிட்டான். உன் வேலையப் பாரு."

முப்பத்தெட்டு வருஷமாக ஊரெல்லாம் இதைத்தான் சொன்னேன். அம்மாவின் கல்லறையில்கூட அவர் பெயரைப் போடவிடவில்லை.

முப்பதுகளில் யாருக்கும் வேலையில்லாத காலத்தில் பலரும் சொந்த நிலவறையில் குழி தோண்டித் தங்கம் தேடினார்கள். அப்பாவும் தோண்டினார். வீடு இறங்கிவிடும் என்று அம்மா சண்டை போட்டதும், இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். 1935 அக்டோபரில் நிலம் ஓயாமல் ஆடியது. மாதக் கடைசியில் ஒரு காலை, வேலை தேடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். அன்று முற்பகலில் பெரிய நில அதிர்வு. அவர் திரும்பவில்லை. ஊரே பயந்து ரயிலேறிக்கொண்டிருந்தது. அவரைப் பியூட்டில் ஒரு பெண்ணோடு பார்த்ததாக எவனோ சொன்னான். யாரையும் நம்பாத நான் அதை நம்பினேன்.

புதன்கிழமை வெண்டல் இயந்திரத்தை நிறுத்தி இறங்கினான். தொப்பியைக் கழற்றினான். என் நிலவறையிலிருந்து தெருவுக்கு அடியில் ஒரு சுரங்கம். உள்ளே எலும்பு, பூட்ஸ், தகரச் சாப்பாட்டு டப்பா. மூடியில் ஆணியால் கீறிய அப்பாவின் பெயர்.

வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"மண்ணு சரியல பெரியவரே. ஒரு கட்டைதான் கால்மேல விழுந்திருக்கு. டப்பா அடியெல்லாம் நசுங்கிக் கெடக்கு, கல்லுல அடிச்சிருக்காரு. சுரங்க வாசலத்தான் யாரோ செங்கல்லப் போட்டு அடைச்சிருக்காங்க."

"நான்தான்," என்றேன். "அன்னிக்கு ஆட்டத்துல செங்கல் புகைபோக்கி விழுந்துச்சு. குழியும் வேணாம், இதக் கொட்டி மூடுன்னு அம்மா சொன்னா. ரெண்டு நாள் கொட்டினேன்."

அவன் டப்பாவை வேலிக்கு மேலாக என்னிடம் நீட்டினான்.

"சத்தம் கேட்டுச்சு வெண்டல். தகரம் அதிர்ற சத்தம். மறுபடி நிலம் ஆடுதுன்னு நெனச்சு வேகமாக் கொட்டினேன்."