நியூட்டனுக்கு அடங்காத மாவு

டிப்போவில் அவளுக்குப் பெயர் 'புயல்'. ஓட்டுவது பேருந்து, பல் துலக்குவதும் நாலாவது கியரில்தான். அப்படிப்பட்டவள் மூன்று மணி டியூட்டிக்கு முன்னால், தன் மகளுக்கும் பக்கத்து வீட்டு இரட்டையருக்கும் சமையலறையில் விஞ்ஞானம் சொல்லித்தரப் புகுந்தால் ஒரு கிண்ணத்தோடு நிற்பாளா? மகள் கைக்குழந்தையாகக் குளித்த தொட்டி நிறையச் சோளமாவும் தண்ணீரும். நாலு தெருவுக்குச் சுவர் பூசியிருக்கலாம்.

"குத்துங்கடா."

மூத்தவன் குத்தினான், கல். இளையவன் விரலை மெல்ல வைத்தான், பால்.

"அடிச்சா முறைக்கும், தடவினா வழிவிடும். நியூட்டனுக்கே அடங்காத திரவம்டா இது."

"எங்க அம்மா மாதிரி," என்றான் மூத்தவன்.

சிரித்துக் குனிந்தவளின் சட்டைப் பையிலிருந்து, நேற்று அவசரத்தில் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்ட பஸ் சாவி நழுவித் தொட்டிக்குள் முங்கியது. மணி இரண்டு நாற்பது. இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். மூன்றாவது என்றால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு பஸ் கழுவ அனுப்பிவிடுவார்கள்.

பாய்ந்து கையை விட்டாள். விரல் முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம். முக்கித் திணித்து இழுத்தால் தொட்டியே கூட எழுந்து வந்தது.

"விடு சனியனே."

"திட்டினா கேக்காதும்மா. மெதுவா விடு," என்றாள் மகள்.

"மெதுவான்னா எப்படிடி?" நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"பத்து வரைக்கும் எண்ணு."

"ஒண்ணு, ரெண்டு, ஒம்போது..." மாவு இறுகியது.

"ஏமாத்துறீங்க ஆன்ட்டி," என்றான் இளையவன்.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவள் இரண்டுக்குப் பின் மூன்று சொன்னாள். ஏழில் விரல்கள் அடியைத் தொட்டன. சாவியோடு அதே நிதானத்தில் வெளியேற இன்னொரு பத்து. பிறகு ஓட்டம், பிடித்த பிடியில் ஒரு மாவுருண்டையும் கூடவே வந்தது.

இரண்டு ஐம்பத்தொன்பதுக்கு டைம்கீப்பர் மேசைமுன் நின்றாள். ஆளைப் பார்க்குமுன் கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர் அவர். கையெழுத்துப் போடச் சாவியை மாவுருண்டையோடு மேசையில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"குத்திப் பாருங்க சார்."

பேனாவால் தட்டினார், டொக்கென்றது. பேனாவை எடுத்தார், வழிந்தது. உருட்டினார், விட்டார், மறுபடி உருட்டினார். வெளியே கண்டக்டர் விசிலடித்தே ஓய்ந்துவிட்டார்.

"சார், மூணு ஏழு ஆச்சு," என்றாள் புயல், பொறுமையாக.

அவர் திடுக்கிட்டு, 'புறப்பாடு 3.00' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மீதி வீட்ல இருக்காம்மா?"