பழைய பெற்றோல்

கதிரவேலுவின் கார் ஒருநாளாவது வீட்டு முற்றத்தில் பழுதாகி அவருடைய மானத்தைக் காப்பாற்றியதில்லை. நிற்பதென்றால் நாலு பேர் பார்க்கிற இடமாகப் பார்த்துத்தான் நிற்கும். ஒரு தடவை கொக்குவில் ரயில் கடவையைத் தாண்டின கையோடு நின்றது. இன்னொரு தடவை நல்லூரில், பின்னால் ஓட்டோக்காரர்கள் விடாமல் ஹோர்ன் அடிக்க நின்றது. கடைசியாகச் சாவகச்சேரியில், கலியாண மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றது. அவருடைய மனைவி மகாதேவி பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினாள். வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றவர்கள் பன்னீர் தெளிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வியர்த்து வழிந்தபடி மண்டபத்துக்குள் போனவள் பந்தியில் உட்கார்ந்ததும் தொடங்கிவிட்டாள்.

"சொந்த மச்சானுக்கே பழுதுக் காரைத் தலையிலை கட்டின ஆள் உந்தத் தேவராசா அண்ணை. பிறத்தி ஆக்களுக்கு என்ன செய்வார் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

தேவராசா வேறு யாருமில்லை, கதிரவேலுவின் தங்கை ஜெயகௌரியின் கணவன். பழைய வாகனங்களை வாங்கி விற்று, சாவகச்சேரியில் குடும்பம் நடத்துகிறவன். அவனுக்குக் கடையும் இல்லை, போர்டும் இல்லை. தேவராசா சொன்னால் சரியாயிருக்கும் என்று ஊர் சொல்லுகிற அந்த ஒரு பேச்சுத்தான் அவனுடைய முதல். அதை மகாதேவி பாயசம் வருவதற்குள் போட்டு உடைத்தாள். அவனிடம் பழைய வான் வண்டி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் அதற்குப் பிறகு வரவேயில்லை.

கதிரவேலு அவளுக்குப் பக்கத்தில் இருந்து சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார்.  அந்தக் காருக்கு என்ன வருத்தம் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அவர் வீட்டு விறகுக் கொட்டிலில், தேங்காய்ப் பொச்சுமட்டைக் குவியலுக்குப் பின்னால், பிளாஸ்டிக் கான்கள் இருந்தன. அவ்வளவும் பெற்றோல். யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு போத்தல் பெற்றோலுக்காக ஊரூராய் அலைந்த மனிதர் அவர். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடி, அந்தப் புகைநாற்றத்தோடேயே பெண் பார்க்கப் போனவர். அதெல்லாம் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தபோது, இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோலுக்கு மறுபடியும் வரிசை வந்தது. பெற்றோல் அடிக்கிற செட் வாசலில் மோட்டார் சைக்கிள்மேலேயே சாய்ந்து தூங்கினார். வரிசை போனது, ஊர் மறந்தது, கதிரவேலு மட்டும் மறக்கவில்லை. மகாதேவிக்கோ நெருப்புப் பயம். வீட்டில் ஒரு துளி இருக்கக் கூடாது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றபோது, எல்லாவற்றையும் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னார். அது பச்சைப் பொய்.

பெற்றோல் கிடந்து பழசாகக் கூடாதே என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அதற்கு நெல்லுக்குச் செய்வதுபோலவே செய்தார். காரை ஒருநாளும் செட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். மோட்டார் சைக்கிளில் போய்க் கானில் வாங்கிவருகிற புதுப் பெற்றோல் கொட்டிலுக்குப் போகும். கொட்டிலில் கிடக்கிற பழசு காருக்குப் போகும். பழசை முதலில் முடித்தால் புதுசு கையில் இருக்கும் என்பது அவர் கண்ட நியாயம். ஆனால் இன்றைய புதுசும் முறை வந்து காருக்குப் போகையில் பழசாகித்தானே இருக்கும்? வாங்கிய நாள் தொட்டு அந்தக் கார் புதுப் பெற்றோலின் ருசியே அறியவில்லை. போதாக்குறைக்குக் கொட்டில் மழைக்கு ஒழுகியது. கான் மூடிகளில் பாதி இறுகாது.

சாவகச்சேரிக் கலியாணத்துக்கு முன்பே, கார் திருத்துகிற கராச்சில் பெற்றோல் பம்பை மாற்றினார்கள். பிறகும் நின்றது. இஞ்செக்டரைக் கழற்றித் துடைத்தார்கள். பிறகும் நின்றது. கடைசியில் பெற்றோல் தாங்கியில் இருந்ததை வடித்துக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் காட்டினார்கள். மேலே மஞ்சளாய்ப் பெற்றோல், அடியில் தண்ணீர். எங்கே பெற்றோல் அடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "அங்கை இங்கை" என்றார் கதிரவேலு. 

விளங்கிய பிறகாவது நிறுத்தினாரா? இல்லை. பெற்றோலைக் கொட்டுவதா? கைவரவில்லை. பழைய வேட்டித் துண்டு ஒன்றால் வடித்து, அதையே மறுபடியும் ஊற்றிக்கொண்டுதான் அந்தக் கலியாணத்துக்குப் புறப்பட்டார்.

கலியாணம் முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஜெயகௌரி கணவனையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வாசல் படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"மச்சாள், ஊரெல்லாம் கதைச்சது காணும். என்ரை மனுசன் தான் வித்த காரிலை ஒரு பழுதும் இல்லையெண்டு பிள்ளையாருக்கு முன்னாலை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவார். பிறகு நீங்கள் உந்தக் கதை கதைக்கக் கூடாது."

"அணைக்கட்டும். அணைச்சால் அந்த இடத்திலையே கும்பிட்டு மன்னிப்புக் கேக்கிறன்" என்றாள் மகாதேவி. கணவன் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, காரையும் எடுங்கோ. அதுவும் சாட்சிக்கு நிக்கட்டும்."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்லுகிற சொல்லில் பொய் கலக்க அந்தப் பக்கத்தில் எவருக்கும் துணிவு வராது. கதிரவேலுவுக்கோ உள்ளுக்குள் ஒரு ஆறுதல். தேவராசா குற்றமில்லாதவன், அணைத்துவிடுவான், அவன் பெயரும் மீளும், பழி கராச்சுக்காரர்மேல் போகும், கொட்டிலும் தப்பும். இப்படிக் கேவலமாக எண்ணிக்கொண்டுதான் அந்த மனிதர் குளித்து, விபூதி பூசிக்கொண்டு ஒழுங்கை முடக்கில் இருந்த பிள்ளையார் கோயிலுக்குக் காரில் போனார்.

பூசை முடிந்திருந்தது. ஜெயகௌரி தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினாள். தேவராசா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கையை நீட்டினான். சுவாலைக்கு மேலே கை நின்றது. நின்ற கையைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"என்னாலை ஏலாது."

"ஏனப்பா?" என்றாள் ஜெயகௌரி.

"நான் அறிய ஒரு பழுதும் இல்லை. அதை எங்கையும் சொல்லுவன். ஆனா எனக்கு முதல் ஆர் ஆரோ வைச்சிருந்த கார். தாங்கிக்குள்ளை இறங்கிப் பாத்தனானே? என்னையறியாமல் ஏதும் இருந்திருந்தால்? பிள்ளையாருக்கு முன்னாலை நிண்டு ஒண்டுமே இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"பாத்தியளே! இப்ப விளங்குதே?" என்றாள் மகாதேவி, அங்கே கும்பிட நின்ற இரண்டொரு பேரைப் பார்த்து. ஜெயகௌரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தூணோடு ஒட்டி நின்றாள்.

கற்பூரம் சிறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால் தானாகவே அணைந்துவிடும். கதிரவேலு அதையும் நினைத்தார். தெரிந்ததை மறைத்துக்கொண்டு தான் நிற்க, தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்ல அஞ்சி ஒருவன் தலைகுனிந்து நின்றான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கதிரவேலுவுக்கு அருவருத்தது. அந்த அருவருப்பு முழுக்கத் தன்மேல்தான்.

"அவரிலை பிழையில்லை" என்றார். "கார் நல்ல கார். கொட்டிலுக்கை பெற்றோல் வைச்சிருக்கிறன். பழசு, தண்ணி சேர்ந்தது. அதைத்தான் நான் ஊத்தினனான்."

"எல்லாம் குடுத்திட்டன் எண்டனீங்கள்" என்றாள் மகாதேவி. 

தேவராசா மெதுவாகத் திரும்பினான். "எப்ப தொட்டுத் தெரியும், மச்சான்?"

"கலியாணத்துக்கு முதலே."

"அப்ப மண்டபத்திலை அவ கதைக்கேக்கை?"

"தெரியும்."

"இப்ப நான் கையை நீட்டேக்கை?"

கதிரவேலு நிலத்தைப் பார்த்தார். மகாதேவி சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அந்த இடத்திலேயே தேவராசாவைக் கும்பிட்டாள். ஜெயகௌரி அண்ணனின் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனாள்.

கதிரவேலு வெளியே வந்து காரில் ஏறித் திறப்பைத் திருப்பினார். கார் இருமியது, குலுங்கியது, நின்றது. இந்த முறை அதைக் குறை சொல்ல அவருக்கு வாயில்லை.

தன் மோட்டார் சைக்கிளில் ஏறப்போன தேவராசா திரும்பிப் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் வந்தான்.

"விடும் தேவராசா, நான் இறங்கித் தள்ளுறன்."

"இறங்காதேங்கோ. ஸ்டியரிங்கை நேராப் பிடியுங்கோ."

மகாதேவியும் அவன் பக்கத்தில் நின்று தள்ளினாள். கார் ஒழுங்கையில் உருண்டது. முதல் வீட்டுப் படலையில் வாளியோடு நின்ற பத்மாவதி எட்டிப் பார்த்தாள்.

"திரும்பவும் நிண்டிட்டுதே? இது தேவராசா வித்த கார்தானே?"

பின்னால் இருந்து தேவராசாவின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "ஓம், நான் வித்த கார்தான்."

அந்த 'ஓம்' கதிரவேலுவின் பிடரியில் அறைந்தது. தலையை வெளியே நீட்டினார்.

"கார் நல்ல கார், பத்மாவதி. பெற்றோல்தான் பழுது. என்ரை பெற்றோல். ஒளிச்சு வைச்சு ஊத்தினது நான்."

பத்மாவதி வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள். அவருக்கு முகம் எரிந்தது. கை தானாகவே கண்ணாடியை ஏற்றுகிற பொத்தானுக்குப் போனது.

"கண்ணாடியை ஏத்தாதேங்கோ" என்றாள் மகாதேவி பின்னால் இருந்து. "அடுத்த படலையிலும் ஆக்கள் நிக்கினம்."

கதிரவேலு கையை எடுத்தார். வீடு வரைக்கும் படலைகள் இருந்தன.